எண்ணெய்த் தாங்கி உண்டு, எண்ணெய் இல்லை: திருகோணமலையின் பாறையும் மணலும் நீரும்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. சம்பூரில் 120 மெகாவாட் சூரியசக்தி மின் நிலையத்தின் வேலைகளும் அன்றே காணொளி வழியாகத் தொடக்கி வைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம், அதற்கு முன்னர் 2016இல் சம்பூர் அனல் மின் நிலையத் திட்டம் கைவிடப்பட்டமை, இடையிடையே புல்மோட்டை மணலில் உள்ள தோரியத்தைக் கொண்டு நாட்டின் கடனையே அடைத்துவிடலாம் என்று சமூக ஊடகங்களில் வலம்வரும் பதிவுகள் என எல்லாம் சேர்ந்து, இந்த மண்ணுக்கு அடியில் பெரும் எரிபொருள் புதையல் ஒன்று கிடக்கிறது என்ற எண்ணத்தைப் பலரிடம் உண்டாக்கியுள்ளன.

அப்படி எதுவும் இல்லை. திருகோணமலையின் பாறை எண்ணெயோ நிலக்கரியோ தரக்கூடிய பாறை அன்று. ஆனால் அதே பாறை வேறு சிலவற்றைத் தந்திருக்கிறது. அவற்றுள் மிக அருமையானது செய்திகளில் அதிகம் அடிபடுவதில்லை. எது எங்கே, ஏன் இருக்கிறது, எடுத்தால் திரும்ப நிரம்புமா, நிரம்பினால் எவ்வளவு காலத்தில் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று சொற்கள்

1. வளம்: நிலத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் குறிக்கும் பொதுச் சொல். அதை எடுக்க முடியுமா, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பது பற்றி இச்சொல் எதுவும் சொல்வதில்லை.

2. ஒதுக்கு: வளத்தில் ஒரு பகுதி மட்டும். இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில், இன்றைய சட்டத்தின்படி எடுக்கக்கூடிய அளவு. உலகச் சந்தையில் விலை விழுந்தால், மண்ணில் ஒரு கல்லும் அசையாமலே ஒதுக்கு குறைந்துவிடும். செய்தித் தலைப்புகளில் வரும் பெரிய தொகைகள் பெரும்பாலும் வளத்தை ஒதுக்கு என்று எண்ணிக் கணக்கிட்டவை.

3. மீள்நிரம்பும் வேகம்: எடுத்த பொருள் இயற்கையில் மீண்டும் சேர எடுக்கும் காலம். எண்ணெய்க்கு அது கோடிக்கணக்கான ஆண்டுகள். மணற்பரப்பின் கிணற்று நீருக்கு ஒரு மாரி. சூரிய வெளிச்சத்துக்கு மறுநாள் காலை. நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல்லைப் புவியியலின் மொழியில் சொல்வதானால், எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சக்கூடாது என்பதே அதன் பொருள். மிஞ்சுவதைத் தவிர்க்க முடியாத இடத்தில், எடுத்த பொருள் கைமாறிப் போவதற்குள் அதைக்கொண்டு வேறொன்றைக் கட்டியெழுப்ப வேண்டும்.

அடியில் கிடக்கும் பாறை

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தொல்பழங்கால உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேற்குக் கரையும்தான் முக்கியமான விதிவிலக்கு; அங்கே இருப்பது கடலடியில் படிந்த, ஒப்பளவில் இளைய சுண்ணாம்புக்கல். புவியியலாளர்கள் இந்தப் பழைய பாறைகளை வன்னித் தொகுதி, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி எனப் பெரும் பிரிவுகளாக வகுக்கின்றனர். உயர்நிலத் தொகுதி தென்மேற்கிலிருந்து மலைநாட்டின் ஊடாக வடகிழக்கு நோக்கி நீண்டு திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. மலைநாட்டின் பாறையும் கோணேசர் மலையின் பாறையும் ஒரே குடும்பம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கோணேசர் மலை குவார்ட்சைட் என்ற கடினமான பாறையால் ஆனது. அது ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்து, ஆழத்தில் அழுந்தி வெந்து இறுகியது. மற்றப் பாறைகள் கரைந்து தாழ்ந்த இடத்தில் குவார்ட்சைட் மேடாக நின்றுவிட்டது; துறைமுகத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இந்தப் பாறைகள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் 700 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் கிடந்தன. பின்னர் மேலே இருந்தவை அரிக்கப்பட, அவை மெல்ல மேலெழுந்தன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா உடைந்தபோது, அன்று நமக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தாட்டிக்கா விலகிப் போனது. அங்குள்ள லுட்சோ-ஹோல்ம் விரிகுடாப் பகுதியின் பாறைகள் நம் உயர்நிலத் தொகுதியோடு இன்றும் ஒத்துப்போகின்றன.

கிழக்குக் கரைக்கு அப்பால் கண்டமேடை, அதாவது கரையை அடுத்த ஆழம் குறைந்த கடலடித் தளம், ஒடுங்கியிருக்கிறது. திருகோணமலையில் அது போதாதென்று, கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் சரிகிறது. கோணேசர் மலையில் நின்று பார்க்கும் தூரத்துக்குள்ளேயே கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமாகிவிடுவதற்கும், நீலத்திமிங்கிலங்கள் கரையோரம் வரை வருவதற்கும் இந்தப் பள்ளத்தாக்கே காரணம். பெரிய கப்பல்கள் தோண்டிய வாய்க்கால் இல்லாமலே உள்ளே வரக்கூடிய இயற்கைத் துறைமுகம் இவ்வாறுதான் அமைந்தது. திருகோணமலையின் எரிசக்திக் கதை முழுவதும் இந்த ஆழத்தோடு தொடர்புடையது.

எண்ணெய் ஏன் இல்லை, தாங்கிகள் ஏன் உள்ளன

எண்ணெய் உருவாக நான்கு நிபந்தனைகள் வேண்டும்.

1. உயிரினங்களின் எச்சம் செறிந்த அடையற் பாறை இருக்க வேண்டும்.
2. அது சில கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையான மிதமான வெப்பத்தில் நெடுங்காலம் கிடக்க வேண்டும். வெப்பம் அதற்கு மேல் போனால் எண்ணெய் வாயுவாகும்; இன்னும் போனால் கரி மட்டுமே மிஞ்சும்.
3. உருவான எண்ணெய் ஊறித் தங்க நுண்துளைகள் உள்ள பாறை வேண்டும்.
4. அது மேலே தப்பிவிடாமல் மூடும் பாறை வேண்டும்.

700 பாகையைக் கண்ட பாறை இரண்டாவது நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. அந்தப் பழைய அடையல்களில் உயிர்க் கரிமம் இருந்திருந்தால் அது இன்று பாறையில் செதில் செதிலாகக் கிடக்கும் பென்சில்கரியாக மாறியிருக்கும். நிலக்கரிக்கும் இதே பதில்தான்.

இலங்கையில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட இடம் எதிர்ப்பக்கத்தில் உள்ளது. 2011இல் கெய்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையின் கடலடியில் தோண்டிய டொராடோ, பராக்குடா ஆகிய கிணறுகளில் வாயு இருப்பது தெரியவந்தது. மன்னார்ப் படுகையில் இளைய அடையற் பாறைகள் பல கிலோமீட்டர் தடிப்பில் கிடக்கின்றன. அவை 700 பாகையைக் கண்டவை அல்ல. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அங்கிருந்து வாயு வந்து சேரவில்லை என்பது, வளத்துக்கும் ஒதுக்குக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டுகிறது.

அப்படியானால் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எதற்கு? அவை பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்கக் கட்டியவை. எண்ணெய் வெளியிலிருந்து வந்தது. ஆழமான, மறைவான துறைமுகம் இங்கிருந்தது. 101 தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரலில் யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது; மற்றொன்று பின்னர் இழக்கப்பட்டது. இன்று கணக்கில் உள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீட்டர் கொள்ளளவு உடையது. 2022 ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்திடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன.

99ஐ 12,000ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 12 இலட்சம் கனமீட்டர். அது கொள்ளளவு. எண்ணெயை இறக்குமதி செய்து, நிரப்பி, கலந்து, மீண்டும் கப்பலேற்றிக் கூலி பெறுவது சேவைத் தொழில். எரிசக்தி மையம் என்று செய்தியில் வரும்போது எண்ணெயைப் பொறுத்தவரை அதன் பொருள் பெரும்பாலும் இதுவே. இதில் தவறொன்றும் இல்லை. சிங்கப்பூரும் இத்தொழிலைச் செய்கிறது. ஆனால் அது விலையையும் உலக அரசியலையும் நம்பிய வருமானம்.

கன்னியாவின் வெந்நீரில் மின்சாரம் எடுக்கலாமா

கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஆழமற்றவை. குனிந்தால் வாளியில் மொண்டுகொள்ளலாம். நீரின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை; பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்கிடையே கூட அது சற்று வேறுபடும், ஏனெனில் ஆழத்திலிருந்து வரும் சுடுநீரோடு மேல்மட்டக் குளிர்நீர் ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு அளவில் கலக்கிறது. தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் ஊன்றியெடுத்த ஊற்று என்பது ஐதீகம். புவியியலின் விளக்கம் இது: புவியின் மேலோட்டில் கீழே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை வெப்பம் கூடுகிறது. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறொரு பிளவு வழியே விரைவாக மேலேறுகிறது. இதற்கு எரிமலை தேவையில்லை. இலங்கையின் மற்ற வெந்நீரூற்றுகளும், மகாஓயா, மகாபெலெஸ்ஸ உட்பட, பெரும்பாலும் உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வரிசையாக உள்ளன. அந்த எல்லையில் பிளவுகள் அதிகம். சேருவிலவில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட செப்பு, காந்த இரும்புத் தாதுப் படிவும் இதே எல்லையின் அருகில்தான் உள்ளது.

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்தப் பொறிக்கும் சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலான வேறுபாடே உணவு. நீர் 41 பாகை, சூழல் 28 பாகை என்றால், இயற்பியல் விதி அனுமதிக்கும் உச்ச வினைத்திறனே ஏறத்தாழ 4 சதவீதம். உண்மைப் பொறியில் அதில் பாதியும் கிடைக்காது; நீரை ஏற்றும் பம்பியே கிடைத்ததைத் தின்றுவிடும். அலாஸ்காவின் சேனாவில் 74 பாகை நீரைக் கொண்டு 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் அங்கே குளிர்விக்கும் நீர் பனிக்கட்டியின் குளிருக்கு அருகில் இருக்கிறது. கன்னியாவை நீராடுவதற்கு விட்டுவிடுவதே அறிவு.

புல்மோட்டையின் கருமணல்

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், கொக்கிளாய்க் கடல்நீரேரிக்குத் தெற்கே உள்ள கடற்கரைதான் இம்மாவட்டத்தின் உண்மையான கனிய வளம். வாடைக்காற்று அடங்கிய பின் அங்கே கரையில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு நேராக வெட்டிப் பார்த்தால், வெட்டுமுகத்தில் கருப்பும் வெளிறிய மஞ்சளும் மாறி மாறிப் படலம் படலமாகத் தெரியும். வலிய காந்தம் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கருப்புப் படலத்தில் வைத்தால் மணிகள் முளைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதில் பெரும்பங்கு இல்மனைட் என்ற, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம்.

இந்த மணிகள் மேலே சொன்ன பழைய பாறைகளிலிருந்து வந்தவை. வெப்பமும் மழையும் பாறையை உக்கச் செய்கின்றன. பெல்ஸ்பார் போன்று எளிதில் உக்குபவை களியாகி அடித்துச் செல்லப்படுகின்றன. உக்காமல் எஞ்சும் குவார்ட்ஸ், இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன், மொனசைட், காணற் ஆகியவற்றை யான் ஓயா போன்ற ஆறுகள் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அலையும் கரையோர நீரோட்டமும் அவற்றைக் கரை நெடுகப் பரப்புகின்றன.

அதற்குப் பிறகு நடப்பது சுளகில் புடைப்பது போன்றது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7, சிர்க்கோன் 4.6, ரூட்டைல் 4.2, மொனசைட் 5 அளவில் உள்ளன. அலை ஏறும்போது எல்லா மணிகளையும் கொண்டுவருகிறது, இறங்கும்போது வலு குறைவதால் இலேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துச் செல்கிறது, பாரமானவை தங்குகின்றன. வாடை காலத்தின் பெரிய அலைகள் இந்த வேலையை மிகத் தீவிரமாகச் செய்கின்றன. அதனால்தான் அள்ளிய இடத்தில் ஒரு பகுதி அடுத்த மாரியில் மீண்டும் சேர்கிறது.

இந்த மீள்நிரம்பலே புல்மோட்டையின் தனிச்சிறப்பு. அதை வரம்பற்றது என்று எண்ணுவதே பெரும் பிழை. கடல் புதிய கனிமத்தை உண்டாக்குவதில்லை. ஆறு கொண்டுவந்ததையும், கரைக்கு அப்பால் கிடப்பதையும் மீண்டும் தரம்பிரிக்கிறது. ஆற்றில் அணை கட்டினால் மணல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடும். யான் ஓயாவில் இப்போது நீர்த்தேக்கம் இருக்கிறது. அணையின் விளைவு கரையில் உடனே தெரியாது. தெரியும்போது பழைய இருப்பு முடிந்திருக்கும்.

மணலைப் பிரிக்கும் முறையும் இதே இயல்புகளை வைத்து நடக்கிறது.

1. சுழல் தகடுகளில் நீரோடு ஓடவிட்டு, அடர்த்தி வேறுபாட்டால் குவார்ட்ஸ் நீக்கப்படுகிறது. நீக்கிய வெண்மணல் மீண்டும் கரைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கரை ஒடுங்கும்.
2. காந்தப் புலத்தில் இல்மனைட் பிரிகிறது. மொனசைட் மெல்லிய காந்தத் தன்மை உடையது. அதற்கு வலிய காந்தம் வேண்டும்.
3. எஞ்சியதில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. உயர் மின்னழுத்தத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம் விழுகின்றன.

1957இல் உருவான கனிய மணல் கூட்டுத்தாபனமும், பின்னர் அதன் இடத்தில் வந்த லங்கா மினரல் சான்ட்ஸ் நிறுவனமும் செய்துவருவது இதுதான். பார மணலில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். அதில் பாதிக்குச் சற்று மேல் டைட்டேனியம் ஈரொட்சைட். பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி, பற்பசை ஆகியவற்றுக்கு வெண்மை தருவது அதுவே. சிர்க்கோன் தரையோடுகளுக்கும் வார்ப்பட அச்சுகளுக்கும் போகிறது.

மூலப்பொருளாக ஏற்றுமதி செய்யாமல் இங்கேயே பெறுமதி சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். இல்மனைட்டிலிருந்து வெண்ணிறப் பொருளை எடுக்கும் பழைய முறை கந்தக அமிலத்தைப் பயன்படுத்துவது. அதில் பெருமளவு கழிவு அமிலமும் இரும்புச் சல்பேற்றும் வெளியேறும். குளோரீன் முறை கழிவில் குறைந்தது, ஆனால் தரமான மூலப்பொருளும் நுட்பமும் கேட்கும். டைட்டேனிய உலோகமாக்குவதற்கு மின்சாரம் மிக அதிகம் வேண்டும். கரைவலை இழுக்கும் கரைக்குப் பக்கத்தில் எந்த முறை, அமிலம் எங்கே போகும், மின்சாரம் என்ன விலை என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத பெறுமதி சேர்ப்புத் திட்டம் அறிக்கையாகவே நிற்கும்.

தோரியம் பற்றிய பேச்சு

பார மணலில் மொனசைட்டின் பங்கு நூறில் ஒன்றுக்கும் குறைவு. மொனசைட்டில் தோரியம் ஒரு சிறுபகுதி. ஒரு தொன் பார மணலில் 3 கிலோ மொனசைட் இருப்பதாகவும் அதில் பத்தில் ஒரு பங்கு தோரியம் ஒட்சைட் என்றும் வைத்துக்கொண்டால்கூட, கிடைப்பது 300 கிராம்.

அளவைவிட முக்கியமானது இயல்பு. தோரியம் தானாகப் பிளந்து அணுசக்தி தராது. நியூத்திரனை உள்வாங்கி யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருளாகும். அதற்கு வேறோர் எரிபொருளில் இயங்கும் உலை முதலில் வேண்டும். கேரளக் கரையில் நம்மைவிடப் பன்மடங்கு மொனசைட் வைத்திருக்கும் இந்தியா பல பதிற்றாண்டுகளாக இதற்காக உழைத்தும், தோரியத்தை மட்டும் நம்பி வணிக அளவில் மின்சாரம் விற்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. மொனசைட்டில் இன்று சந்தைப் பெறுமதி உள்ளவை அதிலுள்ள அருமண் தனிமங்கள், சிறப்பாக நியோடிமியம்; காற்றாலைகளின் காந்தத்துக்கும் மின்வாகன மோட்டார்களுக்கும் அது தேவை. அதைப் பிரிக்கும்போது தோரியம் கதிரியக்கக் கழிவாக மிஞ்சும். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பதிவுகளில் பேசப்படும் புதையல், நடைமுறையில் பாதுகாத்து வைக்க வேண்டிய சுமையாக இருக்கிறது.

சம்பூர்: 500 மெகாவாட்டும் 120 மெகாவாட்டும்

சம்பூரில் இந்தியத் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்தது 500 மெகாவாட் நிலக்கரி நிலையம். 2006இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணி அதற்காகவும் கைத்தொழில் வலயத்துக்காகவும் ஒதுக்கப்பட்டு, நீண்ட போராட்டத்தின் பின்னரே ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது.

மெகாவாட் என்பது ஒரு நிலையம் உச்சமாகத் தரக்கூடிய வலு. ஆண்டு முழுவதும் அது எவ்வளவு மின்சாரம் தந்தது என்பது வேறு கணக்கு.

1. 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டின் 80 சதவீத நேரம் முழு வலுவில் ஓடினால் ஏறத்தாழ 350 கோடி அலகு தரும். ஓர் அலகுக்கு 400 கிராம் நிலக்கரி என்றால், ஆண்டுக்கு 14 இலட்சம் தொன். அதில் ஒரு கிலோவும் இலங்கையில் கிடைக்காது. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா போன்ற இடங்களிலிருந்து கப்பலில் வர வேண்டும். எரித்த வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகாமல், பெரும்பாலும் குளிர்விக்கும் நீரோடு கடலுக்குள் போயிருக்கும்.

2. 120 மெகாவாட் சூரிய நிலையம் இரவில் ஓய்வு, மாரியில் முகில் எல்லாம் கழித்து 18 சதவீத அளவில் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 கோடி அலகு. எரிபொருள் செலவு இல்லை. சாம்பல் இல்லை. ஆனால் மெகாவாட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் வரை காணி கேட்கும்.

ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றது வந்துவிட்டது என்று சொல்வது சரியில்லை. மின்சாரத்தின் அளவில் பதினெட்டில் ஒரு பங்குதான் வரும். இந்த மாற்றத்தை நான் நல்லது என்றே கருதுகிறேன், ஆனால் கணக்கை மறைத்து அதைப் புகழ வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் நேரம். சூரியன் உச்சியில் நிற்பது நண்பகலில். நாட்டின் மின் தேவை உச்சத்துக்குப் போவது மாலை ஆறரைக்குப் பிறகு. மேலும் சுழலும் பாரிய சக்கரங்கள் கொண்ட அனல், நீர் மின் நிலையங்கள் திடீர் அதிர்ச்சியைச் சில விநாடிகள் தாங்கும் வல்லமை உடையவை. சூரியத் தகட்டுக்குச் சுழற்சி இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைத் துணை மின்நிலையக் கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியபோது எல்லோரும் அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்ட குரங்கைப் பற்றிப் பேசினார்கள். தேவை குறைந்த ஒரு விடுமுறை நாளின் பகலில், மின்வலையமைப்பில் சூரியசக்தியின் பங்கு கூடி அந்தத் தாங்கும் வல்லமை குறைந்திருந்தது என்பதே பேசப்பட வேண்டிய விடயம். சம்பூர் போன்ற நிலையங்கள் மின்கலச் சேமிப்போடு வருகின்றனவா என்று கேட்பது அதனால்தான்.

கரையோரத்து நன்னீர்: அதிகம் பேசப்படாத வளம்

நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை கடலுக்கும் களப்புக்கும் இடையே நீளும் மணற்பரப்பில் நான்கைந்து முழம் தோண்டினால் நல்ல தண்ணீர். பக்கத்தில் அலையடிக்கும் கடல். இது எப்படிச் சாத்தியம்?

மணலில் ஊறும் மழைநீர் உவர்நீரைவிட இலேசானது. எனவே அது கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து கைபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதன் 40 மடங்கு ஆழம் வரை கீழேயும் நிற்கும்.

நாற்பது மடங்கு என்பது தலைகீழாகவும் வேலை செய்யும். இறைப்பினால் கிணற்று மட்டம் 25 சென்ரிமீட்டர் தாழ்ந்து அப்படியே நின்றால், கீழே உவர்நீர் எல்லை கோட்பாட்டளவில் 10 மீட்டர் மேலேறும். மணல் தடிப்பே அவ்வளவு இல்லாத இடங்களில், பம்பியின் குழாய் உவர்நீரைத் தொட அதிக காலம் ஆகாது. சின்ன வெங்காயம் செய்பவர்களுக்கு இந்த விதியின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் அடையாளம் நன்றாகத் தெரியும். மோட்டரை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டால் கடைசித் தண்ணீர் நாக்கில் கரிக்கும். தாள் நுனி மஞ்சளித்துக் கருகும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு தன் வேகத்தில் ஊறியது. குதிரைவலு கூடிய மோட்டர் அந்த வேகத்தைக் கேட்பதில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் உவர்ந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தபோது, சில இடங்களில் உவர்நீர் மேலும் உள்ளே இழுக்கப்பட்டது. வில்லை மீண்டும் அமைய மாரி மழைதான் உதவியது. திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரிக்குள் பெய்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுவதும் செலவு மட்டுமே, வரவு இல்லை. உல்லாச விடுதிகள் நிரம்புவதும் இந்த மாதங்களில்தான்.

மணலே இந்த நீரின் பாத்திரம். மணல்மேட்டை வெட்டினால் நிலமட்டம் மட்டும் தாழ்வதில்லை. நீர் தேங்கும் இடமும், கடலை எதிர்த்து நிற்கும் உயரமும் சேர்ந்தே போகின்றன. கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய் நீர் வரும் நகரத்தில் இது உறைப்பதில்லை. குழாய் எட்டாத கரையோரக் கிராமத்தில் வேறு மாற்று இல்லை.

ஆற்று மணலுக்கும் இதே தருக்கம் பொருந்தும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. வெருகல் ஆறு அதன் கிளை. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகள் மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டன. வரவு குறைந்த ஆற்றில் அள்ளும் அளவு கூடினால் படுகை தாழும், கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும், கரை இடியும். சுரங்க, கனியங்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வழங்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே பார்க்கிறது. ஆறோ எல்லா அனுமதிகளையும் கூட்டிப் பார்க்கிறது.

அறிக்கை வெளிவரும்போது எதைத் தேடுவது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். அது 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்களின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்படும். அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும். திருகோணமலையின் நில அமைப்பை வைத்துப் பார்த்தால், முதலில் புரட்ட வேண்டிய பக்கங்கள் இவை:

1. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது. இங்குள்ளதாயின் மீள்நிரம்பும் அளவு எந்த ஆண்டுகளின் அளவீட்டைக் கொண்டு கணிக்கப்பட்டது, அது அணைக்கு முந்தியதா பிந்தியதா?
2. நன்னீர்த் தேவை நாளொன்றுக்கு எவ்வளவு, அது குழாயிலிருந்தா கிணற்றிலிருந்தா? கிணறெனில் ஜூலை, ஓகஸ்ட் மாத நீர்மட்டமும் உவர்த்தன்மையும் தரப்பட்டுள்ளனவா? மாரி மாத அளவீடு மட்டும் இருந்தால் அது போதாது.
3. சூடான நீரோ கழிவோ குடாவுக்குள் போகிறதெனில், இரு பருவ நீரோட்டங்களுக்கும் கணிப்பு உண்டா?
4. மெகாவாட் மட்டுமா, ஆண்டுக்கு எத்தனை அலகு, மாலை ஏழு மணிக்கு எத்தனை அலகு என்பதும் உண்டா?
5. மணல் அகற்றப்படுமாயின், எஞ்சும் வெண்மணல் எந்த இடத்தில், எந்த மட்டம் வரை திரும்ப நிரப்பப்படும், அதை அளந்து பார்ப்பவர் யார்?

அறிக்கைகளின் பிரதிகள் பிரதேச செயலகத்திலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் வைக்கப்பட வேண்டியவை. கருத்தை எழுத்து மூலம் தமிழிலேயே அனுப்பலாம். பக்க எண்ணையும் தரவையும் குறிப்பிட்டு எழுதும் கருத்துக்குத் திட்டத்தை முன்வைப்பவர்கள் பதிலளித்தாக வேண்டும்.